தந்தை பிறந்த ஊர் எது? விசா விண்ணப்பத்தின் பின்னால் ஒரு நூற்றாண்டு வரலாறு

இந்தியாவுக்கு முதல் முறையாகச் சுற்றுப்பயணம் போக விரும்பும் மலேசியத் தமிழர் ஒருவர் விசா விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்ய உட்காருகிறார். பெயர், பிறந்த தேதி, கடப்பிதழ் எண், வீட்டு முகவரி எல்லாம் தடையின்றி நகர்கின்றன. அடுத்து வருவது பெற்றோர் பற்றிய பகுதி. தந்தையின் பெயர் என்ன? அவர் எந்த நாட்டுக் குடிமகன்? அதற்கு முன் வேறு நாட்டின் குடியுரிமை வைத்திருந்தாரா? அவர் பிறந்த ஊர் எது, நாடு எது? அங்கேதான் பலருடைய கை நின்றுவிடுகிறது.

தந்தை கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் என்பது தெரியும். தாத்தா எங்கே பிறந்தார்? சேலம் பக்கம் என்கிறார் பெரியப்பா. இல்லை, நாமக்கல் என்கிறார் அத்தை. ஊரின் பெயரில் ‘பட்டி’ என்று முடியும் என்பது மட்டும் பாட்டிக்கு நினைவிருக்கிறது. சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ‘பட்டி’ என்று முடியும் ஊர்கள் எத்தனை என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதே படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ன என்ற கேள்வியும் உண்டு. ‘சுற்றுலா’ என்று பதில் போகிறது. தாத்தா காலத்தில் அதே கடலைக் கடந்து அதே திசையில் போனவர் அதைச் சுற்றுலா என்று சொல்லவில்லை. ‘ஊருக்குப் போகிறேன்’ என்றார். ஊருக்குப் போவது சுற்றுலாவாக மாறிய கதைதான் விசாவின் வரலாறு. அந்தக் கதையை நன்கு அறிந்தால்தான் படிவத்தில் உள்ள கேள்விகளின் பொருள் விளங்கும்.

கங்காணி கையிலிருந்த தாள்

மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளி எவரும் விசா என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சென்னை மாகாணமும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. நீரிணைக் குடியேற்றங்களும் மலாய் மாநிலங்களும் பிரிட்டிஷ் ஆதிக்கத்தில் இருந்தன. பிரிட்டிஷ் பிரஜை ஒருவர் பேரரசின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிறார் என்பதே அன்றைய பார்வை.

ஆனால் தாள் எதுவுமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. தாள் இருந்தது, அது தொழிலாளியின் கையில் இல்லை, கங்காணியின் கையில் இருந்தது. ஆள் சேர்க்க ஊருக்குப் போகும் கங்காணிக்கு உரிமச் சீட்டு வழங்கப்பட்டது. 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் செலுத்தினார்கள். ஆட்களின் கப்பல் செலவு அந்த நிதியிலிருந்து வந்தது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் ஆட்கள் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப் பின் கப்பல் ஏறினார்கள். பினாங்கில் இறங்கியவர்களுக்கு ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவல் காத்திருந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கும் பிஜிக்கும் சென்ற தமிழர்களுக்குத் தனித்தனி அனுமதிச் சீட்டு எழுதப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, கிராமம், தாலுகா, உடலில் உள்ள அடையாளம் என எல்லாம் அதில் பதிவாயின. அந்தச் சீட்டுகள் மனிதரைச் சரக்குபோல் எண்ணிப் பதிந்த கொடுமையின் சான்றுகள்தாம். ஆனாலும் இன்று தென்னாப்பிரிக்காவிலும் பிஜியிலும் வாழும் கொள்ளுப்பேரன்கள் அவற்றைத் தேடி எடுத்துத் தங்கள் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பின் பெரும்பாலோர் கங்காணி மூலமாகவும், சொந்தச் செலவிலும் வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தேடினால் ஒவ்வொருவருக்கும் கிராமம், தாலுகா விவரத்தோடு ஒரு சீட்டு எளிதில் கிடைப்பதில்லை. யார் எந்த ஊர் என்பதை அறிந்தவர் கங்காணி. அவர் பெரும்பாலும் தம் சொந்தக் கிராமத்திலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்தவர். அவர் நினைவோடு அந்த விவரமும் போய்விட்டது. படிவத்தின் முன் இன்று தயங்கி நிற்கும் பேரனின் சிக்கல் அங்கே தொடங்குகிறது.

பிரஜை என்ற பெயர் போதவில்லை

உலகம் முழுவதிலும் கடப்பிதழும் விசாவும் கட்டாயமானது முதலாம் உலகப் போரோடுதான். அதற்கு முன் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குள் கடப்பிதழ் இல்லாமலேயே பயணம் செய்ய முடிந்தது. ‘விசா’ என்பது இலத்தீன் மூலச் சொல். ‘பார்க்கப்பட்டது’ என்பது அதன் பொருள். ஓர் அதிகாரி தாளைப் பார்த்து, பார்த்தேன் என்று குறியிட்டுக் கொடுப்பதே விசா. 1914இல் போர் மூண்டபோது ஒற்றர்களுக்கும் அகதிகளுக்கும் அஞ்சிய அரசாங்கங்கள் அந்தக் குறியைக் கட்டாயமாக்கின. போர் 1918இல் முடிந்தது; குறி முடியவில்லை. 1920இல் உலக நாடுகள் சங்கத்தின் ஏற்பாட்டில் பாரிசில் நடந்த மாநாடு, கடப்பிதழ் 32 பக்கங்கள் கொண்ட ஒரே மாதிரியான புத்தகமாக இருக்க வேண்டும் என்று வகுத்தது. சூழ்நிலை சீரடைந்ததும் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்ற நம்பிக்கை அப்போது இருந்தது. அது நிறைவேறவில்லை.

போர் மூள்வதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே இந்தியர்களுக்கு இன்னொரு பாடம் கிடைத்திருந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குத்தகைத் தொழில் செய்துவந்த குர்தித் சிங் என்ற சீக்கியர், கோமகதா மாரு என்ற ஜப்பானியக் கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். 1914 ஏப்ரலில் ஹாங்காங்கிலிருந்து புறப்பட்ட அக்கப்பல், 376 பயணிகளோடு மே 23ஆம் தேதி கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பயணிகள் அனைவரும் பிரிட்டிஷ் பிரஜைகள். கனடாவும் பிரிட்டிஷ் பேரரசின் பகுதி. ஆயினும், சொந்த நாட்டிலிருந்து இடைநில்லாமல் நேராக வந்தவரையே அனுமதிக்க முடியும் என்ற விதியைக் காட்டிப் பெரும்பாலோரை இறங்கவிடவில்லை. அன்று இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடிக் கப்பல் போக்குவரத்தே கிடையாது. யாரைத் தடுக்க அந்த விதி எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. இரண்டு மாதம் கடலிலேயே காத்திருந்த கப்பல் ஜூலையில் திருப்பி அனுப்பப்பட்டது. செப்டம்பரில் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ்பட்ஜில் அது கரை சேர்ந்தபோது நடந்த துப்பாக்கிச்சூட்டில் பயணிகள் பலர் மாண்டார்கள்.

பிரஜை என்ற பெயர் ஒன்று. நுழையும் உரிமை வேறொன்று என்பதை அந்தக் கப்பல் உலகுக்கு உணர்த்தியது. இந்தியாவிலும் 1917இல் போர்க்கால விதியாகக் கடப்பிதழ் கட்டாயம் வந்தது. 1920இல், கடப்பிதழ் இன்றி இந்தியாவுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. அந்தச் சட்டத்தின் ஆயுள் சாதாரணமானதன்று. நாடு விடுதலை பெற்ற பிறகும் அது நீடித்தது. 2025இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய குடிநுழைவு, வெளிநாட்டவர் சட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோதுதான் 1920ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றது.

கதவு இரு பக்கமும் சாத்தப்பட்டது

1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்களில் வேலை இழந்த இந்தியத் தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1933இல் மலாயாவில் அந்நியர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சீனாவிலிருந்து வருவோரின் எண்ணிக்கைக்கு அது வரம்பு கட்டியது. இந்தியர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் அந்தச் சட்டம் அவர்களைத் தொடவில்லை.

இந்தியத் தொழிலாளர்களுக்கான கதவு எதிர்ப்பக்கத்திலிருந்து சாத்தப்பட்டது. தோட்டச் சம்பளம் குறைக்கப்பட்டதைத் தொடர்ந்து, 1938 ஜூன் 15 முதல் மலாயாவுக்கு உதவித்தொகையோடு தொழிலாளர்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. கங்காணி முறை அத்தோடு முடிந்தது. பின்னர் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் 1942 முதல் 1945 வரை பயணிகள் கப்பலும் கடிதமும் நின்றுபோயின. அந்த மூன்றரை ஆண்டுகளில் இரு கரையிலும் மாண்டோர் செய்தி மறு கரைக்குப் போய்ச் சேராமலே போனது. ஊரோடு இருந்த உறவு பல குடும்பங்களில் அறுந்தது அப்போதுதான்.

எந்த நாடு உன் நாடு?

போருக்குப் பின் மூன்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோட்டத்து வாசலுக்கு வந்தன.

முதலாவது, நீ யார் என்ற கேள்வி. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. அதுவரை தோட்டத்துக் கிராணியின் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்த பெயர்கள் முதல் முறையாக அரசாங்கத் தாளில் ஏறின. சொல்லக் கேட்டு எழுதியவர் தமிழ் அறியாதவராக இருந்தால், ஒரே வீட்டில் அண்ணன் பெயரில் தந்தை ஒரு எழுத்திலும், தம்பி பெயரில் அதே தந்தை வேறு எழுத்திலும் பதிவானார்.

இரண்டாவது, எந்த நாடு உன் நாடு என்ற கேள்வி. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 8ஆவது விதி, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அந்நாட்டில் உள்ள இந்தியத் தூதரகப் பேராளரிடம் பதிவு செய்துகொண்டு இந்தியக் குடிமகனாக வழிவகுத்தது. சிலர் பதிந்தார்கள். மறுபக்கம், வாழும் நாட்டுக்கே விசுவாசமாக இருங்கள் என்று பிரதமர் நேரு கடல் கடந்த இந்தியர்களுக்கு வலியுறுத்தி வந்தார். 1957இல் மெர்டேக்கா வந்தபோது, இங்கே பிறந்தோரும் நீண்ட காலம் வாழ்ந்தோரும் பதிவு மூலம் குடியுரிமை பெற அரசமைப்புச் சட்டம் இடம் தந்தது. இங்கே பிறந்தவர் ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகளாவது இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டுக்குள் மனுச் செய்தால் மலாய்மொழித் தேர்வும் கிடையாது. எளிய வாய்ப்புதான். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத, தோட்டத்தைத் தாண்டி அறியாத பலருக்கு அந்த ஓராண்டு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ‘எப்படியும் ஒரு நாள் ஊருக்குப் போய்விடுவோம், எதற்கு இந்தத் தாள்?’ என்று நினைத்து விட்டவர்களும் உண்டு.

மூன்றாவது, யார் உள்ளே வரலாம் என்ற கேள்வி. 1952இல் இயற்றப்பட்ட குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு 1 முதல் மலாயாவில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் பிரஜை என்ற சலுகை முடிந்தது. சிறப்புத் தகுதி உடையவர், உறுதியான வேலை ஒப்பந்தம் உடையவர், இங்கு வாழ்வோரின் குடும்பத்தார் ஆகியோருக்கே வழி என்றானது. 1959இல் அந்தச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. 1954 டிசம்பருக்குப் பின் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கணவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கும், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்கும் நுழைவு மறுக்கப்பட்டது.

இந்த வரியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். கணவன் தோட்டத்திலும் மனைவி ஊரிலுமாக இருந்த குடும்பங்கள் அன்று ஏராளம். பிள்ளைகளை ஊரில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைத்தவர்கள் இருந்தார்கள். வயலையும் வீட்டையும் பார்த்துக்கொள்ள மனைவி ஊரிலேயே தங்கியதும் உண்டு. ‘அடுத்த கப்பலில் வா’ என்று எழுதிய கடிதங்களுக்கு இனி ஒரு காலக்கெடு இருந்தது. அந்தக் கெடு கடந்தபோது ஒரே குடும்பம் இரண்டு நாட்டுக் குடும்பமாயிற்று. இன்று சிலருக்கு ஊரில் ‘பெரியம்மா வீடு’ என்று ஒன்று இருந்தும் முகம் தெரியாமல் போனதற்குக் காரணம் குடும்பச் சண்டை மட்டுமன்று, இந்தச் சட்டமும்தான்.

ரஜூலா கப்பல்

சட்டங்கள் இறுகினாலும் கப்பல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூத்த தலைமுறையினர் எவரைக் கேட்டாலும் சொல்லும் பெயர் ரஜூலா. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்ற வழித்தடத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மேல்தளத்திலேயே வாரக்கணக்கைக் கழித்தவர்கள் இன்றும் அந்த உப்புக் காற்றைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்தக் கப்பலில் மகிழ்ச்சியோடு போனவர்கள் மட்டும் இல்லை. 1968இல் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. 1969இல் அது செயலுக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை இழக்க நேர்ந்தது. ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினர் என மதிப்பிடப்படுகிறது. அவர்களில் பலர் இந்நாட்டில் இருபது, முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர்கள். 1957இல் பெறாமல் விட்ட தாள் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கணக்குக் கேட்டது.

முதல் விசா

குடியுரிமை பெற்றவர்களின் நிலை வேறு. அவர்கள் கையில் மலேசியக் கடப்பிதழ் இருந்தது. மலேசியா காமன்வெல்த் நாடு. இந்தியாவும் காமன்வெல்த் நாடு. பொதுவாகக் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் இந்தியாவில் நுழைய 1984 வரை விசா தேவைப்படவில்லை. கடப்பிதழை எடுத்துக்கொண்டு, டிக்கெட் வாங்கிப் போய்வர முடிந்தது. தங்கை திருமணம், தகப்பனார் கருமாதி, குலதெய்வப் பொங்கல் எதுவானாலும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

1984 ஜூனில் அமிர்தசரஸ் பொற்கோயிலில் இந்திய இராணுவம் நடவடிக்கை எடுத்தது. வெளிநாட்டில் இருந்த பிரிவினைவாதிகள் உள்ளே வராமல் தடுக்க, காமன்வெல்த் நாட்டவருக்கும் இந்திய அரசாங்கம் விசாவைக் கட்டாயமாக்கியது. பஞ்சாபில் எரிந்த தீயின் புகை தோட்டப்புறத்துத் தமிழர் வரை வந்தது. குலதெய்வம் கும்பிடப் போகிறவரும் இனிப் படிவம் எழுத வேண்டும். படம் ஒட்ட வேண்டும். கட்டணம் செலுத்தித் தூதரகத்தில் காத்திருக்க வேண்டும். மலேசியத் தமிழர் சமுதாயம் பெருமளவில் ‘முதல் முறையாக விசாவுக்கு மனுச் செய்தது’ அப்போதுதான்.

மறு ஆண்டே இன்னொன்று நடந்தது. ரஜூலாவுக்குப் பின் 1973 முதல் அதே கடல்வழியில் ஓடிய சிதம்பரம் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. உயிர்கள் பலியாயின. அதன் பின் அக்கப்பல் பயணிகளை ஏற்றவில்லை. கப்பலும் போனது, விசா இல்லாப் பயணமும் போனது. ஒரு வார, பத்து நாள் கடற்பயணத்தின் இடத்தில் நான்கு மணி நேர விமானப் பயணம் வந்தது. பயண நேரம் குறைந்தது. பயணத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை கூடியது. லெபோ அம்பாங்கிலும் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் பயண முகவர் கடைகளில் படிவம் எழுதிக் கொடுப்பதே ஒரு தொழிலாயிற்று.

வரிசையிலிருந்து கணினிக்கு

புதிய நூற்றாண்டில் கதவு மெல்லத் திறக்கத் தொடங்கியது. 2010 ஜனவரியில் ஐந்து நாட்டவருக்கு வந்திறங்கியதும் சுற்றுலா விசா வழங்கும் திட்டத்தை இந்தியா தொடங்கியபோது அந்த ஐந்தில் சிங்கப்பூர் ஒன்று. 2014 நவம்பர் 27ஆம் தேதி 43 நாட்டவருக்கு இணையவழிச் சுற்றுலா விசா வந்தது. அப்போதும் சிங்கப்பூர் பட்டியலில் இருந்தது; மலேசியா இல்லை. 2015 ஆகஸ்டில் பட்டியல் விரிந்தபோது மலேசியா சேர்ந்தது. அதே சமயத்தில் இணைய விசாவோடு இறங்கக்கூடிய விமான நிலையங்களில் திருச்சியும் சேர்க்கப்பட்டது. தஞ்சை, புதுக்கோட்டை, நாமக்கல் பக்கத்து வேர்களைக் கொண்ட குடும்பங்களுக்கு அது பெரிய வசதி. எதிர்த்திசையில், 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இன்றி மலேசியா வர அனுமதி வழங்கப்பட்டது.

இன்று படிவம் கணினித் திரையில் இருக்கிறது. ஆனாலும் முதல் முறை மனுச் செய்வோர் இடறும் இடங்கள் பழையவைதாம்.

முதல் இடறல் பெயர். படிவம் குடும்பப் பெயர் ஒன்றையும் சொந்தப் பெயர் ஒன்றையும் கேட்கிறது. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தை பெயரே உண்டு. மலேசியக் கடப்பிதழில் ‘இன்னாரின் மகன்’, ‘இன்னாரின் மகள்’ என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி என்ற எழுத்துகள் நடுவில் நிற்கின்றன. கடப்பிதழில் உள்ளதற்கும் படிவத்தில் உள்ளதற்கும் வேறுபாடு வந்தால் தொல்லை. 1948இல் கிராமத்துப் பெயரைக் காதால் கேட்டு எழுதிய அந்த எழுத்துப்பிழை மூன்று தலைமுறை தாண்டி இங்கே வந்து நிற்பதும் உண்டு.

இரண்டாவது, படம். இந்திய விசாவுக்கு நீளமும் அகலமும் சமமான சதுரப் படம் வேண்டும். மலேசியக் கடப்பிதழுக்கு எடுத்த நீள்சதுரப் படத்தை அப்படியே கொடுத்தால் ஏற்கப்படாது.

மூன்றாவது, பெற்றோரும் அவர்தம் முன்னோரும். பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தான் குடிமக்களாக இருந்தார்களா என்றும் படிவம் கேட்கிறது. 1947 பிரிவினையின் வடு அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவரின் பேரனுக்கு அதில் ‘இல்லை’ என்று பதில் சொல்வது எளிது. ‘தந்தை பிறந்த ஊர்’ என்பதுதான் எளிதன்று.

சுற்றுலா விசாவோடு முடிவதும் இல்லை. வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டைத் திட்டத்தை இந்தியா 2005இல் கொண்டுவந்தது. விசா தொல்லையின்றிப் போய்வர அது உதவுகிறது. ஆனால் அதைக் கேட்போர் தம் முன்னோர் இந்தியாவைச் சேர்ந்தவர் என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும். இரத்தம் இருக்கிறது, தெய்வம் இருக்கிறது, மொழி இருக்கிறது. தாள் எங்கே என்பதே கேள்வி.

மனுச் செய்யவே முடியாதவர்கள்

விசா மனு என்பது கையில் கடப்பிதழ் உள்ளவருக்கான வேலை. கடப்பிதழே இல்லாதவர் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறார். மெர்டேக்கா காலத்தில் பதியாமல் விட்டவர்களில் திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கியவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் பிறந்ததே இந்த மண்ணில்தான். பிறப்புப் பத்திரம் எடுக்காத குடும்பங்களிலும், பதிவு செய்யாத திருமணங்களிலும் பிறந்த பிள்ளைகளுக்கு அதுவும் இல்லாமல் போனது. இந்தியச் சமுதாயத்தில் இவ்வாறு ஆவணம் இல்லாமல் இருப்போரைத் தேடிப் பதிய 2011 பிப்ரவரியில் ‘மைடஃப்தார்’ இயக்கத்தை அரசாங்கம் நடத்த வேண்டியிருந்ததே அந்தச் சிக்கலின் ஆழத்தைக் காட்டும்.

இந்த நாடுதான் 1998இல் உலகிலேயே முதன்முதலாக மின்னணுச் சில்லு பதித்த கடப்பிதழை வெளியிட்டது. அத்தகைய நாட்டில், எழுபது வயதில் ஒருமுறை பழனிக்குப் போய்வர வேண்டும் என்று ஆசைப்படும் பாட்டிக்கு எந்த நாட்டின் கடப்பிதழும் இல்லை என்றால், அவர் ஆசை படிவம் வரைகூடப் போவதில்லை. மற்றவருக்கு விசா கிடைக்குமா என்பது கேள்வி. அவருக்கு, தான் எந்த நாட்டவர் என்பதே கேள்வி.

கேட்டு எழுதிவைக்க வேண்டிய நேரம்

நூறு ஆண்டுகளுக்கு முன் மனிதர்களைப் பற்றிய விவரம் மனிதர்களிடம் இருந்தது, தாளில் இல்லை. இன்று தாளில் இல்லாதது இல்லாததாகவே கொள்ளப்படுகிறது. இந்த மாற்றத்தைத் தனி ஒரு குடும்பம் தடுத்துவிட முடியாது. ஆனால் வீட்டில் எஞ்சியிருப்பதைக் காப்பாற்ற முடியும்.

பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியில் பழைய கடப்பிதழ், கப்பல் டிக்கெட், ஊரிலிருந்து வந்த அஞ்சல் அட்டை, தாத்தாவின் பழைய அடையாள அட்டை எதுவும் இருக்கலாம். அஞ்சல் உறையின் பின்பக்கத்தில் அனுப்பியவர் முகவரியாக ஊர், அஞ்சல், தாலுகா, ஜில்லா என்று நான்கு வரி இருந்தால், அதுவே ஒரு குடும்பத்தின் முழு வரலாற்றுக்கு வாசல். ‘பழைய குப்பை’ என்று அதை எரித்துவிட்டால் எந்தத் தூதரகமும் அதைத் திருப்பித் தர இயலாது.

தாள் இல்லாத வீடுகளில் ஆள் இருக்கிறார். எண்பதைத் தொட்ட அத்தையோ, பெரியப்பாவோ, பக்கத்துத் தோட்டத்து மாமாவோ இன்னும் இருப்பார். ஊர்ப் பெயர் மறந்திருந்தாலும், குலதெய்வத்தின் பெயர், பக்கத்துச் சந்தை கூடும் ஊர், ரயிலை விட்டு இறங்கிய நிலையம், கூடவே கப்பலேறியவர் எந்த ஊர் என்று ஒன்றொன்றாகக் கேட்டால் நினைவு வரும். ‘பட்டி’ என்று முடியும் ஊர்கள் நூறு இருக்கலாம். சந்தையின் பெயரும் சாமியின் பெயரும் சேர்ந்தால் அந்த நூறு நான்கைந்தாகக் குறையும்.

விசா படிவத்துக்கு அவசரமில்லை. அடுத்த மாதமும் திரையில் இருக்கும். அத்தைக்கு அந்த உறுதியை யாராலும் தர முடியாது. முதலில் அவரிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு, பிறகு படிவத்தைத் திறப்பதே முறை.